ஆளில்லாத மணல்

"இந்தப் படத்தை மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள் நௌஷின். "உம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்க கண்ணுல படுற மாதிரி மாட்டணும்."

வில்சனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காரைக்காலில் இத்தனை வருடமாகக் கல்யாணமும் சர்ச்சில் நடக்கும் புதுநன்மை விழாவும் படம் எடுத்தே பிழைப்பு நடத்தியவன். மச்சானைப் பார்க்க ஓமனுக்குப் போன இடத்தில் பாலைவனத்தின் அழகில் மயங்கி, எடுத்த படங்களையெல்லாம் பெரிதாக்கி, ஒரு மண்டபத்தைப் பிடித்துக் கண்காட்சி வைத்திருந்தான்.

வந்தவர்கள் எல்லாம், "மணலைப் பாக்க ஓமன் வரைக்கும் போகணுமாப்பா? நம்ம பீச்சுல இல்லாத மணலா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவன் மனைவி பெனிட்டாகூட, "ஒரு மனுஷ முகம் இல்ல. இதை யாரு வீட்டுல மாட்டுவா?" என்றுதான் கேட்டாள்.

இதோ, மாட்ட ஒரு வீடு கிடைத்துவிட்டது.

நௌஷின் காலையிலேயே வந்து அந்த ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். கீழே இருந்த ஊர்ப்பெயரை அவனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். மதியம் தன் பெரிய வாப்பாவை, அப்பாவின் அண்ணன் நூர் அகமதுவையும் கைத்தாங்கலாக அழைத்து வந்துவிட்டாள். ஓமனில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர் அவர்.

நூர் அகமது படத்துக்கு நெருக்கமாகப் போனார். மணலுக்குப் பின்னால் இரண்டாகப் பிளந்து நின்ற கறுப்பு மலையை விரலால் சுட்டிக் காட்டினார்.

"இதேதான்மா" என்றார். பிறகு மெல்ல, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

பின்னால் நின்ற வில்சன் தனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "வணக்கம்ங்க பாய்" என்று கைகூப்பினான். அவர் திரும்பவில்லை.

"இந்த இடத்துக்கு எப்படிங்க போனீங்க?" என்று கேட்டாள் நௌஷின்.

"மச்சான் வண்டியிலதான். ரோட்டை விட்டு ரொம்ப தூரம் உள்ள போகணும், ஈ காக்கா கிடையாது. விடியறப்ப அந்த வெளிச்சம் மணல்ல விழுந்துச்சு பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதான் 'ஆளில்லாத மணல்'னு பேரு வச்சேன்."

நூர் அகமதுவின் விரல் மலையடிவாரத்தைக் கண்ணாடிமேல் தடவித் தடவித் தேடியது. "இங்கதானம்மா... ஒண்ணையும் காணோமே?"

நௌஷின் வில்சனிடம் திரும்பினாள். "மலைக்கு முன்னால கல்லு எதுவும் நட்டு வச்சிருக்கலையாங்க? சின்னச் சின்னதா?"

வில்சன் அசந்துபோனான். "அட, எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? இருந்துச்சு. ரெண்டு ரெண்டா வரிசையா நின்னுச்சு. அவ்வளவு அழகான மணல்ல அதுங்க மட்டும் உறுத்துச்சு. கம்ப்யூட்டர்ல உக்காந்து ஒவ்வொண்ணா அழிச்சேன். கண்ணே வீங்கிப்போச்சு."

அவள் குரல் இறங்கியது. "அழிக்காத படம் இருக்குங்களா? ஒண்ணே ஒண்ணு?"

"அதை வச்சுக்கிட்டு என்னங்க பண்றது? அப்பவே டெலிட் பண்ணிட்டேன்."

அவள் முகம் வாடுவதைப் பார்த்து, வேலைப்பாட்டில் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்தான். விளக்கைப் படத்தின் பக்கம் திருப்பினான்.

"கிட்ட வந்து பாருங்க. அங்க ஏதோ இருந்துச்சுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தம். உங்க உம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்."

நூர் அகமது கண்ணாடியிலிருந்து விரலை எடுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

நௌஷின் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"எங்க வாப்பாவ அடக்கம் பண்ணுன எடம்ங்க அது."