மங்களாம்பிகை உட்கார்ந்தாள்

திருப்பனந்தாளிலிருந்து வந்திருந்த அம்மாளுக்கு அடுத்த பட்டுச்சேலையை எடுத்துப் போட்டுவிட்டு, மங்களாம்பிகை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

கும்பகோணத்தில் அந்த ஜவுளிக்கடை திறந்த நாளிலிருந்து, சேலை காட்டும் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை.

அதுவும் தீபாவளிக் கூட்டம். குறுவை அறுத்த கையோடு ஊர் ஊராகச் சனம் வந்து இறங்கியிருந்தது.

"அக்கா, எந்திரிங்க. முதலாளி பாக்குறாரு." பக்கத்தில் நின்ற கமருன்னிஸா உதடு அசையாமல் சொன்னாள். அவள் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

மங்களாம்பிகை எழுந்திருக்கவில்லை.

தை பிறந்ததிலிருந்து அவளுக்குக் குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணியை மிதித்த மாதிரி சுரீரென்று உச்சந்தலை வரை ஏறும்.

"குதிகால்லேருந்து விரல் வரைக்கும் அடிப்பாதத்துல ஒரு நார் ஓடுதும்மா. நாள் பூரா நின்னா அது இழுபட்டு நோகும்" என்று டாக்டரம்மா தொட்டுக் காட்டினார்.

சொன்னதையெல்லாம் செய்தாள். எழுந்திருக்கும் முன்பே துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களைத் தன் பக்கம் இழுத்தாள். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துக் காலடியில் போட்டு உருட்டினாள். மெத்தென்ற செருப்பு வாங்கினாள்.

ஆனால் கடைக்குள் செருப்புக் கூடாது. விடியலில் கொஞ்சம் இளகிய கால், மார்பிள் தரையில் நின்று நின்று, விளக்கு வைப்பதற்குள் மறுபடி கல்லாகிவிடும்.

நேற்று முதலாளியிடம் ஒரு ஸ்டூல் கேட்டாள். "வந்தவங்க முன்னாடி நிக்கிறதுதான் மரியாதை" என்றார்.

இன்று அவள் கேட்கவில்லை.

முதலாளி நடராசன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன.

"முடியலன்னா வீட்டுக்குப் போ."

"போகமாட்டேன். உக்காந்துகிட்டே விப்பேன். என் கைக்கு ஒண்ணும் வலி இல்ல."

திருப்பனந்தாள் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "நானும் உக்காந்துதானே பாக்குறேன். அவங்க உக்காந்து காட்டுனா சேலை சாயம் போயிடுமாங்க?"

யாரோ சிரித்தார்கள்.

நடராசனுக்கு முகம் கறுத்துவிட்டது. "நாளைலேருந்து நீ கடைக்கு வரவேணாம்" என்றார்.

மங்களாம்பிகை அரக்குச் சேலையின் முந்தானையை நிதானமாக விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வருவேன், அண்ணே. இது நம்ம அப்பா வச்ச கடை. எனக்கும் பாதி இருக்கு."

கமருன்னிஸா முதன்முறையாக இரண்டு முகங்களையும் சேர்த்துப் பார்த்தாள்.

ஒரே மூக்கு.