மழையில்லாத ஊர்

மேற்கே பெருமுக்கல் பக்கம் மின்னல் சத்தமில்லாமல் வெட்டுகிறது. புழக்கடைக் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அப்பாதுரையின் பாதங்களில் உப்பு இன்னும் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. இன்று வாரிய குவியல், நீர் வடியட்டும் என்று உப்பளத்து வரப்பில் மூடாமல் கிடக்கிறது. டிரான்சிஸ்டரைக் காதோரம் வைத்திருக்கும் அவன் மனைவி சாமுண்டீஸ்வரி, மேகத்துக்குச் சற்று மேலே தெரியும் சிவப்புப் புள்ளியைக் காட்டுகிறாள். "அதாங்க செவ்வாய். அமெரிக்காக்காரன் மிஷின் எறக்கிட்டானாம். பின்னாடி மனுசங்களே போய் குடியிருக்கலாமாம்." "அங்க மழை பெய்யுமா?" "பெய்யவே பெய்யாதாம்." அவன் சிரித்துவிடுகிறான். "அப்ப அங்கயே பாத்தி கட்டிடலாம். வருசம் பூரா உப்பு வாரலாம்." "கடலும் இல்லியாம்." சிரிப்பு நிற்கிறது. காற்று திரும்பி மண்வாசனையை வீசுகிறது. கீழிருந்து நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைய, சிவப்புப் புள்ளி மட்டும் மேகத்தின் விளிம்பில் நடுங்குகிறது. அது இருக்கும்வரை மழை வராது என்பதுபோல இருவரும் அதையே பார்க்கிறார்கள். அதுவும் மறைகிறது. "அளத்துல மூடுற ஓலை எவ்ளோ கெடக்குது?" என்று அவள் கேட்கிறாள். "பாதிக் குவியலுக்குக்கூட பத்தாது" என்கிறான். அவள் டிரான்சிஸ்டரை அணைத்துக் கட்டிலில் வைக்கிறாள். எழுந்து போய், தன் சமையல் கொட்டகையின் கூரையிலிருந்து புகையேறிய முதல் கீற்றை உருவுகிறாள்.