இரண்டாவது எண்டர்

விரல் கணுக்கள் விண்விண்ணென்று தெறித்தன. முப்பது வருடம் சாரம் கட்டிய கை. இரும்புக் குழாய்க்கு அசராத விரல்கள் விசைப்பலகையின் முன்னால் தோற்றுப்போய்க் கிடந்தன.

“அப்பா, ஸ்பேனரா பிடிச்சிருக்கீங்க? மெதுவாத் தொடுங்க, அது எங்கயும் ஓடிடாது” என்றாள் மகள்.

பத்து நாளாகப் பழக்குகிறாள். ஜப்பானிய மொழியில் அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. தட்டும் முறை மட்டும் பார்த்து வைத்திருந்தாள். அவருக்குப் பேச்சு வரும். ஜப்பான்காரக் கூட்டாளியோடு ஆறு வருடம் ஒரே சாரத்தில் நின்ற பழக்கம்.

வாயில் வரும் ஓசையை ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும். திரையில் அது ஜப்பானிய எழுத்தாகி, அடியில் ஒரு கோட்டோடு நிற்கும். எண்டர் தட்டினால் கோடு மறையும். இன்னொரு எண்டர், செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

எழுதுவது கூட்டாளியின் அம்மாவுக்கு.

கூட்டாளியை இவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். சாரத்தின் ஏழாவது தட்டிலிருந்து விழுந்து இறந்தான். பாதுகாப்பு பெல்ட் போடாதது அவனுடைய கவனக்குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டுக் கம்பெனி கையைக் கழுவிவிட்டது.

அந்த அம்மா, குழந்தைக்கு எழுதுவதுபோல் எளிய எழுத்தில் இவரிடம் கேட்டிருந்தார்: ‘தினமும் அவன் படத்தின் முன் உட்கார்ந்து திட்டுகிறேன். ஏன் பெல்ட் போடவில்லை? பக்கத்தில் இருந்தவர் நீங்கள்தான்.’

அவர் தட்டினார். அன்றைக்கு. பெல்ட்டை. அவன்.

எண்டர். கோடு மறைந்தது. தடித்த விரல் எழும்பாமல் அங்கேயே கிடந்து, மறுபடியும் அழுந்தியது.

பாதி வரி போய்விட்டது.

மீதியைத் தட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

‘மறந்துவிட்டான், அப்படித்தானே? சின்ன வயதிலும் குடையை எங்காவது விட்டுவிட்டு நனைந்துதான் வருவான். உங்களுக்கும் மனக்கஷ்டம் கொடுத்துவிட்டான். அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி இதை உங்களிடம் கேட்கமாட்டேன்.’

“என்னப்பா சொல்றாங்க?”

“இனிமே கேக்க ஒண்ணும் இல்லையாம்.”

கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவன் மறக்கவில்லை. பெல்ட்டைக் கீழேயே விட்டுவிட்டு ஏறியவர் இவர். காற்று பலமாக இருக்கிறது என்று, அவன்தான் தன்னுடையதைக் கழற்றி இவர் இடுப்பில் மாட்டிவிட்டான்.

அந்த ஒரு வரி அந்த அம்மாவுக்கு இன்னும் பாக்கி.