எட்டாவது பட்டை

தொற்றுக்காலப் பிரசவ வார்டில் தன் நலப்பட்டை மட்டும் ஏன் அலறுகிறது என்று செவிலியர் பியூலாவுக்குப் புரியவில்லை. நாடி படபடத்தால், செவிலியர்களின் மன அழுத்தத்தை அளக்க நிர்வாகம் கட்டிவிட்ட அந்த மணிக்கட்டுப் பட்டை அலறும். அலறினால் ஒரு மணி நேரம் ஆனந்த வகுப்பில் அமர்ந்து அருவிப் படம் பார்த்தாக வேண்டும். நேற்று அவள் அருவி பார்த்த நேரத்தில், கவனிக்க ஆளின்றிப் பிறந்த ஒரு குழந்தை தரையில் விழுந்தது.

"உங்க யாருக்கும் ஏன்க்கா கத்தல?"

"இன்னுமா அந்தக் கருமத்தைக் கையில கட்டியிருக்க? வா" என்றாள் உடன் வேலை செய்யும் செண்பகம்.

அடுத்த அறையில், தொற்று கண்ட செவிலியர் ஜெசிந்தா மயக்க மருந்தில் கிடந்தாள். அவள் கையில் ஏழு பட்டைகள். எல்லாவற்றிலும் பச்சை விளக்கு.

"இந்த ஆஸ்பத்திரியில தூங்குற ஒரே நர்ஸ் இவதான்."

பியூலா தன் பட்டையைக் கழற்றி எட்டாவதாகக் கட்டினாள். பச்சை எரிந்தது. இனி அவள் வார்டை விட்டுப் போக வேண்டியதில்லை.