ஏழாவது கண்ணாடி

"ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டும்மா, என் கண்ணாடியப் போட்டு" என்றார் கண்ணாடிக்காரர்.

எங்கள் எக்ஸ்ரே தொலைநோக்கியின் கண்ணாடிகளை ஆறு வருடம் தேய்த்து மெருகேற்றியவர் அவர். அந்தத் தொலைநோக்கிக்கு வானம் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே கணினியில் போட்டுக் காட்டும் மென்பொருளை எழுதியவள் நான். ஒரே இடத்தைத் தேய்த்தே காலத்தை ஓட்டுகிறவர் என்று நான் அவரைக் கிண்டல் செய்வேன். நாற்காலியை விட்டு எழாமலே நட்சத்திரம் பார்க்கிறவள் என்று அவர் என்னை.

இன்று மத்தியானம் கிண்டலுக்கு இருவருக்குமே தெம்பில்லை.

எக்ஸ்ரே நேராக வந்தால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போய்விடும். உரசினாற்போல் வந்தால்தான் திரும்பும். அதற்காக ஒன்றுக்குள் ஒன்றாகப் பன்னிரண்டு குழாய்கள், உட்புறமெல்லாம் கண்ணாடி. அதில் ஏழாவதில் ஒரு கீறல், கண்ணுக்கே தெரியாது. அளந்தவர்கள் பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இவர்தான் விடவில்லை. தூக்கத்தில்கூட "ஏழு, ஏழு" என்று புலம்புகிறார் என்று அவர் மனைவி, அண்ணி, என்னிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவர் பயம் இதுதான். நெருங்கி நிற்கும் இரட்டை நட்சத்திரம் ஒன்று உண்டு. இதுவரை எல்லா எக்ஸ்ரே தொலைநோக்கிக்கும் அது ஒற்றைப் புள்ளி. நாங்கள் இரண்டாகப் பிரித்துக் காட்டுவோம் என்று சொல்லித்தான் அனுமதியே வாங்கினோம். அந்தக் கீறல் கெடுத்துவிட்டால்?

பன்னிரண்டு கண்ணாடிகளின் அளவுகளையும், கீறல் உட்பட, ஏற்றி ஓட்டினேன்.

திரையில் ஒரு புள்ளி விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எக்ஸ்ரே அப்படித்தான், துளித்துளியாகத்தான் வரும். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகூட அவரிடம் தோற்றுப்போகும்.

பத்து நிமிடத்தில் புள்ளிகள் திரண்டன. நடுவில் சன்னமாக ஓர் இடைவெளி. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"ரெண்டுண்ணா! நல்லாப் பாருங்க, ரெண்டு!"

அவர் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

படத்தை அச்செடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன். கீழே வழக்கமான வரி தானாக விழுந்திருந்தது: 'இது கணினி போட்ட படம், தொலைநோக்கி எடுத்தது அல்ல.' உண்மைப் படத்தோடு கலந்துவிடக் கூடாதென்று நானே வைத்த விதி. அந்த வரியை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் ஒட்டியவர்களை நான் சும்மா விட்டதில்லை.

அவர் அதைப் படித்தார்.

நானே அதை நீக்கிவிட்டு மறுபடி அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். கலந்துவிடுவதற்கு இனி உண்மைப் படம் ஏது? இன்று காலை ஒன்பதே காலுக்கு, கிளம்பிய மூன்றாவது நிமிடத்தில், ராக்கெட்டோடு சேர்ந்து பன்னிரண்டு கண்ணாடிகளும் கடலில் விழுந்துவிட்டன.