‘அப்பாவுக்கு’ என்றொரு ஃபோல்டர்

“மத்ததெல்லாம் போனாப் போகட்டும் ஆன்ட்டி. ‘அப்பாவுக்கு’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அது மட்டும் வந்தாப் போதும்.”

பதின்மூன்று வயதுப் பெண் ரிப்பேர் கடை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அழுது அழுது மூக்கு நுனி சிவந்திருந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவளுக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

அவர் அவளுடைய அம்மாவின் இரண்டாவது கணவர். வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவர். காலையில் புது சிஸ்டம் ஏற்றுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தவர், டிஸ்க்கில் காலியாக இருந்த பகுதியை விட்டுவிட்டு வேறு பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்து துடைத்துவிட்டார். பழைய சிஸ்டமும் அதில்தான் இருந்தது, அவளுடைய ஃபோல்டரும் அதில்தான். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண்சிமிட்டியதோடு சரி.

ரிப்பேர் கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். “ஃபார்மேட் பண்ணா எல்லாம் உடனே அழிஞ்சிடாது சார். புஸ்தகத்துல பொருளடக்கத்தை மட்டும் கிழிச்ச மாதிரி. பக்கமெல்லாம் உள்ளேதான் கிடக்கும். அது மேல வேற எதையும் எழுதலையே?”

“இல்லைங்க. தப்புன்னு தெரிஞ்சதும் கையை எடுத்துட்டேன்.”

“அப்ப நம்பிக்கை இருக்கு. ஆனா தேடி எடுக்க சாயங்காலம் ஆயிடும்.”

பெண் முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ‘அப்பாவுக்கு’. அந்த ஒரு சொல் காலையிலிருந்து அவரை விடவில்லை.

அவளைப் பெற்றவன் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் வரும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவாள். “ஐயோ டாடி, போங்க டாடி” என்று அவள் சிரிப்பது கூடம் வரை கேட்கும். அவர் டீ டம்ளரை வைத்துக்கொண்டு, செய்தித்தாளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்.

அவரிடம் அவளுக்கு மூன்றே பேச்சு. “சரி அங்கிள்.” “வேணாம் அங்கிள்.” “தேங்க்ஸ் அங்கிள்.” சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டால் ஓடுவதும் அவர்தான். காய்ச்சல் வந்த வாரம் முழுக்க நெற்றியில் துணி நனைத்துப் போட்டதும் அவர்தான். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தேங்க்ஸ், அங்கிளோடு சேர்த்து. கோபம்கூட வராது அவளுக்கு அவர் மேல். சொந்தம் இருந்தால்தானே கோபம் வரும் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு நாள் அவள் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றார். பட்டென்று திரையை மாற்றிவிட்டாள். கண்ணில் பட்டது அந்த ஃபோல்டரின் பெயர் மட்டும்தான். ஃபோனில் பேசியது போதாதென்று, எழுதி வேறு வைக்கிறாளா அவனுக்கு?

கடைக்காரம்மா தன்னுடைய பென் டிரைவைச் சொருகி எதையோ ஓடவிட்டாள். “ம்... கொஞ்சம் தலைகாட்டுது. முதல் ஃபைல் மூணு வருஷத்துக்கு முந்தினது.”

மூன்று வருஷம். தாயும் மகளும் அவர் வீட்டுக்குக் குடிவந்த மாசம். வந்த கையோடு ஏக்கம் ஆரம்பித்துவிட்டது போல.

கடைக்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். “சார், ஒண்ணு சொல்லவா? உங்க வரைபடம் எல்லாம் தனி டிஸ்க்ல பத்திரமா இருக்கு. இது மேலேயே புது சிஸ்டத்தைப் போட்டுட்டா அரை மணி நேரத்துல தூக்கிட்டுப் போயிடலாம். பாப்பா கிட்ட ‘வரலைம்மா’ன்னு நான் சொல்லிக்கறேன். சின்னப் புள்ளை, ரெண்டு நாள் அழும், மறந்துடும்.”

அவர் பின்பக்கக் கதவைப் பார்த்தார். வாயைத் திறந்துகூடச் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். மூன்று வருஷத்துக் கடிதங்கள் தடயமில்லாமல் போய்விடும். தலை ஆடத்தான் பார்த்தது.

பின்பக்கம் குழாய்ச் சத்தம் நின்றது. காலையில் செய்தது கைப்பிசகு. இப்போது செய்தால் அதற்கு வேறு பெயர்.

“தேடுங்கம்மா,” என்றார். “எவ்வளவு நேரமானாலும் நான் இருக்கேன்.”

இருந்தார். பெண் ஒரு மூலையிலும் அவர் ஒரு மூலையிலுமாக, திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு. மத்தியானம் பன்னும் டீயும் வாங்கி வந்து கொடுத்தார். “தேங்க்ஸ் அங்கிள்” வந்தது.

ஐந்து மணிக்குக் கடைக்காரம்மா கைதட்டினாள். “வந்துடுச்சு! நூத்திப் பன்னெண்டு ஃபைல். பேரெல்லாம் போயிடுச்சு, வெறும் நம்பர்தான் இருக்கு. திறந்து பாத்து சரியான்னு சொல்லு பாப்பா.”

பெண் ஓடிவந்து ஒன்றைத் திறந்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மலர்ந்ததை அவரால் பார்க்க முடியவில்லை. எழுந்து வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீ நிதானமாப் பாரும்மா, நான் வெளியே நிக்கறேன்,” என்றார். “மறுபடி தொலைஞ்சிடப் போகுது. இங்கேயிருந்தே டாடிக்கு அனுப்பிடு.”

“டாடிக்கா?” அவள் திரும்பினாள். “டாடிக்கு எதுக்கு?”

அவள் அவரையே பார்த்தாள். கண்ணில் மறுபடி நீர் தளும்பியது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர்மேல் கோபப்பட்டாள்.

“உங்களுக்கு எழுதினதை நீங்களே அழிச்சுட்டா எப்படி?”