இருபத்தேழாம் எண் சட்டை

அம்மா சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றோரம் நின்றாள்.

உள்ளூரில் எங்கள் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில், வீரர்கள் பேருந்திலிருந்து இறங்கி மைதானத்து வாசலுக்கு நடந்து போகும் வழியில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. போகிறவர்கள் ஒவ்வொருவராக அந்தச் சட்டையிலுள்ள 27ஐத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

அது என் தம்பி ராஸ்கோவின் எண். ஆகஸ்ட் வெயிலில் பயிற்சிக்காக ஓடவிட்டார்கள். தலைக்கவசத்தோடு புல்லில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பத்தொன்பது வயது.

ஆஸ்பத்திரியில் கத்தரித்துக் கழற்றிய சட்டையை அம்மா தானே தைத்தாள். கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் தையல் தெரியும். அந்த எண்ணை அதற்கப்புறம் எங்கள் கல்லூரியில் யாருக்கும் கொடுத்ததில்லை.

எல்லோரும் தொட்டு முடிக்கும்போது சட்டை சூடாக இருக்கும் என்பாள். யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்த மாதிரி.

நான் அட்லாண்டாவில் இருக்கிறேன். கல்லூரி ஃபுட்பால் என்றாலே டிவியை அணைத்துவிடுகிறவள். அம்மாவுக்கு முட்டிவலி, கூட ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக இந்த வருஷத்து முதல் ஆட்டத்துக்கு வந்தேன்.

வழியில் எதிரே வந்த பொடியன்கள் இரண்டு மூன்று பேர் 27 போட்ட சட்டையில் இருந்தார்கள். இன்னும் நினைப்பு வைத்திருக்கிறார்களே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அம்மா அவர்கள் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

வாசலின் நெற்றியில் இப்போது ஒரு மெத்தைக் கம்பெனியின் பெயர். ராஸ்கோ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

பேருந்து வந்தது. இறங்கியதெல்லாம் புது முகம்.

பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "எவன் பணம் கூடக் குடுக்கிறானோ அந்தக் காலேஜுக்கு ஓடிடறானுங்க. அடுத்த வருஷம் இதுல ஒருத்தனும் இருக்கமாட்டான்."

"குடுக்கட்டுமே," என்றாள் அம்மா. "என் புள்ளைக்கு என்ன குடுத்தாங்க? சாப்பாடும் ரெண்டு ஜோடி ஷூவும்."



ஆனால் கிழவர் சொன்னதிலும் ஒரு விஷயம் இருந்தது. தொட்டுவிட்டுப் போ என்று புதியவர்களுக்குச் சொல்லிவைப்பது மூத்த வீரர்களின் வேலை. இந்த அணியில் மூத்தவன் என்று யாரும் இல்லை. எல்லோரும் போன மாதம் வந்தவர்கள்.

முதலில் வந்தவன் நல்ல உயரம். ட்ரெவன் காஸ் என்று கூட்டம் கூப்பிட்டது. பந்தை வீசுகிறவன் அவன்தானாம், டெக்சாஸிலிருந்து பெரிய விலைக்குக் கொண்டுவந்தார்களாம்.

அம்மா சட்டையை அவன் பக்கம் நீட்டினாள்.  

பையன் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினான். மரியாதை தெரிந்தவன். சட்டையை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கித் தொடைமேல் விரித்தான். பையிலிருந்து கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றினான்.

கையெழுத்து கேட்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"யார் பேருக்குப் போடட்டும்மா?"

அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், அவசரப்படாமல், முழுப்பெயரையும்.

"ராஸ்கோ டில்மன்."

"அழகான பேரு. பேரனா?"

"என் புள்ள."

அவன் சிரித்துக்கொண்டே எழுதினான். தையல் வந்த இடத்தில் மட்டும் பேனா லேசாக ஏறி இறங்கியது. சட்டையை அவளிடம் கொடுத்துத் தோளைத் தொட்டு, "ராஸ்கோவை ஒருநாள் கூட்டிட்டு வாங்கம்மா," என்று சொல்லிவிட்டு வாசலுக்குள் போனான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன்.

'ராஸ்கோவுக்கு அன்புடன், ட்ரெவன் காஸ், 27.'

சட்டையிலிருப்பதைப் பார்த்து எழுதிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பனின் தோளில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த ஒரு பொடியன் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். அவன் முதுகிலும் 27. அதற்கு மேலே, பெரிய எழுத்தில், காஸ்.

"அம்மா, ராஸ்கோ நம்பரைத் தூக்கி இவனுக்கு..."

"தெரியும். நான்தான் குடுத்தேன்."

அவள் இன்னும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மார்ச்சுல காலேஜ்லேர்ந்து ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. இந்த நம்பர் கிடைச்சாத்தான் அந்தப் பையன் வருவேங்கிறானாம். இத்தனை வருஷம் அது சும்மா கிடந்தது போதும், ஓடட்டும்னு தோணுச்சு எனக்கு. இன்னொரு தடவை அது ஓடுறதைப் பாக்கணும் போல இருந்துச்சு."

"சும்மாவா குடுத்தே?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அது யாரோட நம்பர், அவனுக்கு என்ன ஆச்சுன்னு அந்தப் பையன்கிட்ட சொல்லிடுங்கன்னேன்."

அடுத்து வந்தவன் எங்கள்முன் நின்று தன் பேனாவைத் திறந்துகொண்டிருந்தான். அம்மா சட்டையை என்னிடமிருந்து வாங்கி மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"போன வாரம்தான் அந்தக் காலேஜ்காரர் போன் பண்ணாரு," என்றாள். "சொல்லிட்டோம்மான்னாரு. கேட்டுட்டு அந்தப் பையன் அழுதுட்டானாம்."